எசுப்பெராண்டோ மொழியில் பெயரடை: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு மொழியைத் தானே ஆக்கியவன் அதன் இலக்கணத்தைத் தன் விருப்பம்போல் மாற்றலாம் என்று கருதுவார் உளர். எசுப்பெராண்டோவின் பெயரடை வரலாறு அக்கருத்தை மறுக்கின்றது. அதனை ஈண்டு ஆராய்வாம்.

கண் மருத்துவரான சாமென்ஹோஃப் 1887ஆம் ஆண்டில் வார்சா நகரில் இம்மொழியின் முதல் நூலை வெளியிட்டார். அதன் இலக்கணம் 16 விதிகளுள் அடங்கும். பெயர்ச்சொல் ‘ஓ’ என்னும் ஈறும், பெயரடை ‘ஆ’ என்னும் ஈறும் பெறும். ‘ஹோமோ’ எனின் மனிதன். ‘ஹோமா’ எனின் மனிதனுக்குரிய. ‘போனா’ எனின் நல்ல. ‘மல்’ என்னும் முன்னொட்டுப் பெற்ற ‘மல்போனா’ கெட்ட என்னும் பொருள் தரும். இவையெல்லாம் எளியனவே.

ஆயின், பெயரடை தான் தழுவும் பெயரின் எண்ணையும் இரண்டாம் வேற்றுமையையும் ஏற்றல் வேண்டும். ‘பேலா ஃப்ளோரோ’ அழகிய மலர்; ‘பேலாய் ஃப்ளோரோய்’ அழகிய மலர்கள்; ‘பேலாய்ன் ஃப்ளோரோய்ன்’ அழகிய மலர்களை. தமிழில் ‘அழகிய’ என்பது மூவிடத்தும் திரியாது நிற்றல் காண்க.

இவ்வியைபு வீண்சுமை எனக் குறை கூறப்பட்டது. 1894ஆம் ஆண்டில் சாமென்ஹோஃப் தாமே இதனை நீக்குவது உள்ளிட்ட திருத்தங்களை வரைந்து வாக்கெடுப்புக்கு விட்டார். மொழியைக் கற்றோருள் பெரும்பான்மையோர் மாற்றம் வேண்டா என்றனர். அவரும் அம்முடிவிற்கு இசைந்தார். 1905ஆம் ஆண்டில் பூலோன் நகர மாநாடு பழைய விதிகளையே மாற்றலாகா அடிப்படை என ஏற்றது. 1907ஆம் ஆண்டில் பாரிசில் கூடிய குழுவின் முயற்சியால் ‘இடோ’ என்னும் திருத்தமொழி தோன்றிற்று. அதன்கண் பெயரடை திரிபற்றது. ‘பேலா ஃப்ளோரி’ என்பதே அழகிய மலர்கள். எளிமை மிக்கதாயினும், அது எசுப்பெராண்டோவின் இடத்தைப் பெறவில்லை.

இயைபு வெறும் சுமையன்று என்பதும் நோக்கத்தக்கது. ‘மி ஃபார்பிஸ் லா டோமோன் பிளாங்கான்’ எனின், வெள்ளை வீட்டிற்கு வண்ணம் பூசினேன் என்பது பொருள். ஈற்று னகரத்தை நீக்கிப் ‘பிளாங்கா’ எனின், வீட்டை வெள்ளையாகும்படி பூசினேன் என்று பொருள் வேறுபடும். முன்னது வீட்டின் பழைய நிறத்தையும், பின்னது வினையால் விளைந்த நிறத்தையும் உணர்த்தும். ஓரெழுத்தே இவ்வேறுபாட்டைச் செய்கின்றது.

இவற்றால் நாம் அறிவது யாது? விதியை வகுப்பவன் ஒருவனாயினும், வழங்குவோர் தோன்றியபின் மொழி அவர்க்கே உரியது. ஆக்கப்பட்ட மொழியும் வழக்கின் ஆட்சிக்கு உட்பட்டதே என்க.