விரால் மூச்சு விடும் இடம்

போன ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்கு விரால் வாங்கப் போனேன். அன்னக்கூடையில் தண்ணீர் ஊற்றி உயிரோடு விட்டிருந்தார் மீன்கார அம்மா. எல்லாம் ஒரே அளவு, அச்சில் வார்த்தது போல. "ஏரி மீனாம்மா?" என்று கேட்டேன். "பண்ணை மீன் சார். ஏரி மீனு எப்பவாச்சும் வரும்" என்றார். "ஆத்து விரால்?" என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஆத்துல தண்ணி எங்க சார் இருக்குது?" என்று சிரித்தார். அவர் சொன்னது சரிதான். வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

திருவாலங்காடு என்றால் ரத்தினசபை, காளியோடு போட்டி நடனம், காரைக்கால் அம்மையார். வெளியூர்க்காரர்களுக்கு அவ்வளவுதான் தெரியும். சரித்திரம் படித்தவர்கள் ராஜேந்திர சோழன் செப்பேட்டையும் சேர்த்துச் சொல்வார்கள். பக்கத்துப் பழையனூரைக் கோயிலுக்குக் கொடுத்த செப்பேடு அது. எங்கள் பக்கத்தில் கொசஸ்தலை ஆறு ஓடியதையும், அதில் மீன் இருந்ததையும் யாரும் எழுதுவதில்லை. ஆனால் பழைய ராஜாக்கள் மீனை மறக்கவில்லை. சோழர் காலச் செப்பேடுகளில் ஓர் ஊரைத் தானம் கொடுக்கும்போது கிணறு, மரம், ஓடை என்று எழுதிக்கொண்டே போய், மீன் வாழும் பள்ளங்களையும் சேர்த்துக் கொடுப்பார்கள். ஏரியில் மீன் பிடிக்கும் உரிமைக்கு வாங்கிய வரிக்குப் பாசிப்பாட்டம் என்று பெயர். இன்றும் ஏரிக் குத்தகையை மீன்பாசிக் குத்தகை என்றுதானே சொல்கிறோம்!

நான் சிறுவனாக இருந்தபோது ஆற்றிலும் அதன் கால்வாய்களிலும் ஏரிகளிலும் மற்ற மீனைத் தின்னும் மீன்கள் நாலைந்து வகை உண்டு. விரால், அதன் தம்பி கொரவை, கெளுத்தி, எல்லாவற்றுக்கும் மேலே வாளை. வாளை பகலில் மடுவின் ஆழத்தில் கிடக்கும், இருட்டினால்தான் வேட்டைக்கு வரும். ஆள் நீளத்துக்கு வளரக்கூடிய மீன். குறுந்தொகையில் மரத்திலிருந்து விழும் மாம்பழத்தைக் கவ்வுகிற வாளை ஒன்று வருகிறது. அந்தப் பெரிய வாயைப் பார்த்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் இருக்காது.

இந்த மீன்களுக்கு விஞ்ஞானப் பெயர் வைத்த கதையும் நம் கடற்கரையில்தான் தொடங்குகிறது. தரங்கம்பாடி டேனிஷ் மிஷனில் இருந்த ஜான் பாதிரியார் மீன்களைப் பதப்படுத்தி பெர்லினுக்கு அனுப்புவார். அங்கே பிளாக் என்ற டாக்டர் அவற்றைப் படம் போட்டுப் புத்தகமாக்கினார். விராலுக்கு 1793இல் பாம்புத்தலை என்ற பொருளில் கிரேக்கப் பெயர் கொடுத்தவர் அவர்தான். வாளையின் இன்றைய பெயர் 'வல்லாகோ அட்டு'. அதில் 'அட்டு' என்ற பகுதி அவர் இறந்தபின் 1801இல் அச்சாயிற்று. தெலுங்கில் இந்த மீனை வாலுக என்பார்கள். 'அட்டு' என்பது என் காதுக்கு 'ஆத்து' என்றே கேட்கிறது. 1960 ஏப்ரல் 1 வரை எங்கள் திருத்தணி வட்டம் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. பாதி தெலுங்கு, பாதி தமிழ் என்று ஒரு பெயர் இருந்தால் எங்களுக்குப் பொருத்தம்தான்.

இனி பிடிக்கும் வகை. புதுவெள்ளம் வந்து ஏரி கோடி போகும்போது மீன் தண்ணீரை எதிர்த்து ஏறும். அப்போது கால்வாயின் குறுக்கே மண்ணும் தழையும் போட்டு அடைத்து, ஒரு வாய் மட்டும் விட்டு, அதில் மூங்கில் பறியை வைப்பார்கள். உள்ளே போன மீன் திரும்ப முடியாதபடி வாயில் குச்சிகள் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். கோடையில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியபின் அடிப்பாகம் இல்லாத கூடையைச் சேற்றில் அமுக்கி, மேலே கைவிட்டுத் துழாவுவது. தெற்கே இதை ஊத்தா என்கிறார்கள். வாளைக்கு மாலையில் கரை மரத்தின் வேரில் தடித்த கயிறு கட்டி, சின்ன மீனை உயிரோடு முள்ளில் கோத்துவிட்டு, விடியற்காலையில் போய்ப் பார்க்க வேண்டும். பல நாள் கயிறு மட்டும்தான் இருக்கும்.

விராலுக்குத் தவளைக்குட்டி. ஆனால் முதலில் மீன் எங்கே என்று தெரிய வேண்டும். அதைச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் ஊர் ஏரிக்கரையில் குடிசை போட்டிருந்த ஓர் இருளர் பெரியவர். இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். அப்போது பத்து வயதுப் பையன் நான் அவரை 'நீ, வா' என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னை 'சாமி' என்றார். அந்தக் காலத்தில் எனக்கு அது தப்பாகவே படவில்லை.

"சும்மா தண்ணியைப் பாக்காத சாமி, அது மூச்சு வுடறதப் பாரு" என்பார். விரால் செவுளால் மட்டும் பிழைக்க முடியாத மீன். சில நிமிடத்துக்கு ஒரு தரம் மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுத்தான் போகும். அல்லி இலை ஓரத்தில் லேசாக ஒரு 'ப்ளப்'. அந்தக் குமிழியைப் பார்த்தே பெரிதா சின்னதா, எந்தப் பக்கம் தலை வைத்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். கோடையில் காய்ந்த ஏரியில் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும் விராலைக் காலால் தடவியே கண்டுபிடிப்பார். வலையும் இல்லை, தூண்டிலும் இல்லை.

இந்த அறிவைப் பற்றி வெள்ளைக்காரர்கள் என்ன எழுதினார்கள் என்று ஓய்வு பெற்றபின் தேடிப் பார்த்தேன். சென்னை சிவில் சர்வீஸில் இருந்த எச்.எஸ். தாமஸ் இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றி 1873இல் ஒரு தடிப் புத்தகமும், ஏரி குளத்துத் தூண்டில் பற்றி 1887இல் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். அவருக்கு அது பொழுதுபோக்கு. பிரான்சிஸ் டே என்ற சென்னை ராணுவ டாக்டர் வேறு மாதிரி. தாசில்தார்களுக்கெல்லாம் கேள்வி அனுப்பி, வலையின் கண் எத்தனை சிறிது, பறி வைக்கிறார்களா, குஞ்சுகளை அழிக்கிறார்களா, விஷம் கலக்கிறார்களா என்று கேட்டு 1873இல் அறிக்கை கொடுத்தார். 1897இல் மீன்வளச் சட்டம் வந்தது. தண்ணீரில் வெடி போட்டாலோ விஷம் கலந்தாலோ இரண்டு மாதம் வரை சிறை அல்லது 200 ரூபாய் வரை அபராதம். சட்டம் இருந்தும் கல்குவாரித் தோட்டா மடுவுக்குள் விழுந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஒரு சத்தம், பிறகு வயிற்றைக் காட்டி மிதக்கும் வெள்ளை. பொறுக்கியது பாதி, மூழ்கியது பாதி.

அப்புறம் 1952இல் நாட்டுக்குள் வந்த ஜிலேபி மீன் எங்கள் ஏரிக்கும் வந்து சேர்ந்தது. மணல் போனதும் மடு தூர்ந்ததும் உங்களுக்கே தெரியும்.

ஆனால் தோட்டா போட்டவனை மட்டும் குறை சொல்லி முடித்துவிட எனக்கு மனசு வரவில்லை. விராலைப் பிடிக்க இன்னொரு வழி உண்டு, எல்லாவற்றிலும் சுலபமானது. ஐப்பசி மழைக்குப் பின் கால்வாய் ஓரத்தில் செக்கச்செவேலென்று குஞ்சுக் கூட்டம் மிதக்கும், குங்குமத்தைத் தூவியது போல. அடியில் தாயோ தகப்பனோ காவல் இருக்கும். அந்தக் கூட்டத்தின் மேல் தவளையைத் தட்டித் தட்டி ஆட்டினால் போதும், பசியே இல்லாவிட்டாலும் பெரிய மீன் கோபத்தில் பாய்ந்து கவ்வும். தப்பவே தப்பாது.

பெரியவர் இதை எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு நாள் கூட்டத்தைக் காட்டி, "இது வோணாம் சாமி, கீழ ஆள் இருக்குது" என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட்டார். நான் மறுநாள் தனியாகப் போனேன். முதல் தட்டிலேயே கவ்வியது. முழங்கை நீளம். கரையில் அது துள்ளியபோது என் கை நடுங்கியது நினைவிருக்கிறது. வீட்டில் அம்மா மண்சட்டியில் குழம்பு வைத்தார். தெருவே மணந்தது.

அடுத்த நாள் காலை போய்ப் பார்த்தேன். சிவப்புத் திட்டு மூன்று துண்டாகச் சிதறியிருந்தது. சுற்றிலும் கெண்டைகள் வெள்ளி வெள்ளியாகப் புரண்டன. ஒரு தண்ணீர்ப் பாம்பும் வந்து போயிற்று. கல் எறிந்து பார்த்தேன். பாம்பு போனது, கெண்டை போகவில்லை. மூன்றாம் நாள் அங்கே ஒன்றும் இல்லை.

பெரியவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. குடிசை வாசலில் பறி முடைந்துகொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். சாமி வீட்டுப் பையனை அவர் எப்படித் திட்டுவார்?

"கொயம்பு நல்லா இருந்துச்சா சாமி?" என்று கேட்டார்.

"இருந்துச்சு" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த குச்சியை எடுத்தார்.