வில்லியனூரின் தகவல் கிராமங்கள்

கணினிக்கு நிரல் எழுதுவதும் ஒரு கலையே என்று அமெரிக்கக் கணினி அறிஞர் டொனால்ட் நூத் தமது 1974ஆம் ஆண்டின் டியூரிங் விருது உரையில் வாதிட்டார். பயன்படுத்துவோரின் வாழ்க்கையை அறிந்து அதற்கேற்ற வடிவத்தைத் தேர்வதும் அக்கலையின் இன்றியமையாத பகுதி என்பதைப் புதுச்சேரியின் வில்லியனூர் வட்டார வரலாறு தெளிவாக்குகிறது.

எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் நிதியுதவியுடன் 1998இல் தொடங்கிய தகவல் கிராமத் திட்டத்துக்கு வில்லியனூரே நடுவமாக அமைந்தது. அங்கே இணையத்திலிருந்தும் அரசு அலுவலகங்களிலிருந்தும் திரட்டப்பட்ட செய்திகள், வி.எச்.எஃப். எனப்படும் மிக உயர் அதிர்வெண் வானலைக் கருவிகள் மூலம் குரலாகவும் தரவாகவும் கீழூர், எம்பலம், வீராம்பட்டினம் முதலிய ஊர்களின் மையங்களைச் சென்றடைந்தன. மின்வெட்டு நேரங்களில் சூரிய மின்தகடுகள் கைகொடுத்தன. மையத்துக்கான இடத்தை ஊராரே தர வேண்டும், அவ்விடத்தில் எல்லாச் சாதியினரும் தடையின்றி நுழைய வேண்டும் என்ற நிபந்தனையும் திட்டத்தின் வடிவமைப்பிலேயே இடம்பெற்றது.

அக்காலத்தில் எழுத்துருக்கள், அதாவது திரையில் எழுத்துகளுக்கு உருவம் தரும் கோப்புகள், தத்தமக்கென வெவ்வேறு குறியீட்டு முறைகளைக் கொண்டிருந்ததால், ஒன்றில் தட்டெழுதிய தமிழ் மற்றொன்றில் சிதைந்து தோன்றியது. இதற்குப் பொதுத் தரம் காண முயன்ற தமிழ்நெட் மாநாடு 1999 பிப்ரவரியில்தான் சென்னையில் கூடியது. அந்த நெருக்கடியிலும், பெண்கள் பெருமளவில் பங்கேற்ற ஊர்த் தன்னார்வலர் குழுக்கள், விளைபொருள் விலை, அரசு நலத்திட்டங்கள், அவற்றைப் பெறுவதற்கான தகுதி ஆகியவற்றைத் தமிழிலேயே தரவுத்தளங்களாக, அதாவது வேண்டியதைத் தேடி எடுக்கும்படி முறைப்படுத்திய தொகுப்புகளாக, ஆக்கிப் பேணின.

அலை உயர அறிவிப்பில் இக்கைத்திறன் சிறந்து விளங்கியது. வில்லியனூர் நடுவத்தினர், அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளம் வெளியிட்ட முன்னறிவிப்பு வரைபடத்தைத் தரவிறக்கி, அப்பகுதிக் கடலுக்குரிய அலை உயரத்தை மட்டும் பிரித்தெடுத்து, தமிழில் சொல்லி வீராம்பட்டினத்துக்கு அனுப்பினர். அங்கு அது ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டதால், எழுதப் படிக்கத் தெரியாத மீனவரும் கடலுக்குப் போகலாமா என்பதைத் தாமே முடிவுசெய்ய முடிந்தது.

2001இல் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது இத்திட்டத்துக்குக் கிடைத்தது. அதனினும் பெரிய மதிப்பீடு 2004 டிசம்பர் 26 அன்று வாய்த்தது: சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த ஆழிப்பேரலை எச்சரிக்கையை இத்திட்டத்தின் கடலோர ஊர்களில் ஒன்றான நல்லவாட்டின் மக்கள், தங்கள் தகவல் மையத்தின் ஒலிபெருக்கியிலேயே ஊருக்கு அறிவித்து உயிர்களைக் காத்தனர். புதிய நிரல்மொழி எதுவும் வில்லியனூரில் பிறக்கவில்லை. ஆயினும் எதைத் தொகுப்பது, எதை விடுப்பது, யாருக்கு எந்த வழியில் சேர்ப்பது என்று அங்கு செய்யப்பட்ட தேர்வுகள் ஒவ்வொன்றும் படைப்புச் செயலே ஆதலால், தமிழ்க் கணிமையின் வரலாறு அத்தன்னார்வலர்களைப் பயனாளிகளாக அன்றிப் படைப்பாளிகளாகவே பதிவு செய்ய வேண்டும்.