யாருடைய கையில் சாவி? பொதுப் போக்குவரத்தில் வெளிநாட்டு நிறுவனங்களும் தேசப் பாதுகாப்பும்

2025 மே 15 அன்று, துருக்கியைச் சேர்ந்த செலெபி நிறுவனத்தின் பாதுகாப்பு அனுமதியை மத்திய அரசு ரத்து செய்தது. சென்னை, கொச்சி, டெல்லி, மும்பை உட்பட 9 விமான நிலையங்களில் பெட்டிகளை ஏற்றி இறக்குவது, சரக்குகளைக் கையாள்வது போன்ற தரைப் பணிகளை இந்த நிறுவனம் செய்துவந்தது. வளைகுடா நாடுகளுக்குப் போய்வரும் நம் குமரி மாவட்டக் குடும்பங்களிலும் இது பேசுபொருளானது. 'முஸ்லிம் நாடு என்பதால்தானே' என்றனர் சிலர். 'பாகிஸ்தானை ஆதரித்த நாட்டுக்கு இது தேவைதான்' என்றனர் வேறு சிலர். இரண்டுக்கும் அப்பால், சட்டம் என்ன சொல்கிறது என்பதை அறிவது நல்லது.

வெளிநாட்டு நிறுவனங்களை அரசு மூன்று வழிகளில் கட்டுப்படுத்துகிறது.

1. டெண்டரில் வடிகட்டுதல்

கல்வான் மோதலுக்குப் பிறகு, 2020 ஜூலை 23 அன்று பொது நிதி விதிகளில் 144(11) என்ற விதி சேர்க்கப்பட்டது. இந்தியாவுடன் நில எல்லையைப் பகிரும் நாடுகளின் நிறுவனங்கள் அரசு டெண்டரில் பங்கேற்க முன்பதிவு செய்ய வேண்டும். வெளியுறவு, உள்துறை அமைச்சகங்களின் அனுமதியும் தேவை. இந்தியா கடனுதவி அளிக்கும் நாடுகளுக்கு விலக்கு உண்டு. விதியில் சீனாவின் பெயர் இல்லை. ஆனால் பாதிப்பு பெரும்பாலும் சீன நிறுவனங்களுக்கே.

இது முழுத் தடை அல்ல. டெல்லி - மீரட் விரைவு ரயில் திட்டத்தின் ஒரு சுரங்கப் பணி 2021 ஜனவரியில் சீன நிறுவனம் ஒன்றுக்கே கிடைத்தது. அதே நேரம், கான்பூர் - முகல்சராய் சரக்குப் பாதையில் 417 கி.மீ.க்கான ரூ.471 கோடி சிக்னல் ஒப்பந்தத்தைச் சீன நிறுவனம் ஒன்று 2020 ஜூலையில் இழந்தது. அதற்கு அதிகாரப்பூர்வமாகச் சொல்லப்பட்ட காரணம் பாதுகாப்பு அல்ல. நான்கு ஆண்டுகளில் 20 சதவீத வேலையே முடிந்திருந்தது என்பதுதான்.

2. அனுமதியை ரத்து செய்தல்

துருக்கி நமக்கு நில எல்லை நாடு அல்ல. எனவே செலெபி மீது பாய்ந்தது விமானப் பாதுகாப்புச் சட்டம். காரணம் சொல்லவில்லை, விளக்கம் கேட்கவில்லை என்று நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றம் சென்றது. அரசு தன் தகவல்களைச் சீலிட்ட உறையில் அளித்தது. 2025 ஜூலை 7 அன்று நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. அந்த உறையில் இருந்தது என்னவென்று பொதுமக்களுக்குத் தெரியாது. 10,000க்கும் மேற்பட்ட இந்தியர்களுக்கு வேலை தருவதாக நிறுவனம் கூறியிருந்தது. டெல்லி விமான நிலையத்தைப் பொறுத்தவரை, அங்குள்ள ஊழியர்கள் அதே பணி நிபந்தனைகளில் புதிய நிறுவனங்களுக்கு மாற்றப்படுவர் என நிலைய நிர்வாகம் அறிவித்தது.

3. கருவியையே சோதித்தல்

2025 ஏப்ரல் முதல், இணையத்தில் இயங்கும் கண்காணிப்பு கேமராக்களை அரசு அங்கீகரித்த ஆய்வகத்தில் சோதித்த பிறகே விற்க முடியும். எந்த நாட்டுத் தயாரிப்பானாலும், இந்தியத் தயாரிப்பே ஆனாலும், விதி ஒன்றுதான்.

மூன்றில் இதுவே நியாயமானது, பலனுள்ளதும்கூட. 2025இல் நார்வேயின் ஓஸ்லோ நகரப் போக்குவரத்து நிறுவனம், தன் சீன மின்சாரப் பேருந்து ஒன்றைச் சுரங்கத்துக்குள் நிறுத்திச் சோதித்தது. மென்பொருளைப் புதுப்பிக்கப் பேருந்தில் ஒரு சிம் கார்டு இருந்தது. அதன் வழியாகப் பேருந்தை எங்கோ இருந்து நிறுத்தவும் கோட்பாட்டளவில் முடியும் என்று தெரியவந்தது. அப்படி யாரும் நிறுத்தியதாகச் சான்று இல்லை.

போலந்தில் நடந்தது இன்னும் யோசிக்க வைப்பது. வேறு பணிமனையில் பழுதுபார்த்த ரயில்கள் ஓட மறுத்தன. மென்பொருளில் பூட்டு வைக்கப்பட்டிருந்ததாகக் கணினி நிபுணர்கள் 2023 டிசம்பரில் வெளிப்படுத்தினர். குற்றம் சாட்டப்பட்டது அந்நிய நிறுவனம் அல்ல, போலந்தின் சொந்த ரயில் தயாரிப்பாளர் நியூவாக். அந்நிறுவனம் அதை மறுத்தது.

ஆக, நாட்டின் பெயரை மட்டும் பார்த்தால் உள்ளூர்ப் பூட்டு கண்ணுக்குத் தப்பிவிடும்; குற்றமற்ற நிறுவனமும் தண்டிக்கப்படலாம்.

நாம் கேட்க வேண்டியவை

சென்னையில் 2025 ஜூன் 30 முதல் 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. இத்தகைய பேருந்துகள் நாளை நம் ஊர்களுக்கும் வரலாம். தயாரித்தவர் யாராக இருந்தாலும் மூன்று கேள்விகள் பொருந்தும்: மென்பொருளைத் தொலைவிலிருந்து மாற்றும் சாவி யாரிடம் உள்ளது? பயணிகளின் தகவல் எங்கே சேமிக்கப்படுகிறது? தயாரிப்பாளர் விலகினால் பேருந்தைப் பழுதுபார்க்க நம்மால் முடியுமா?

ஒப்பந்தத்தில் இவற்றுக்கு முன்கூட்டியே பதில் எழுதப்பட்டிருந்தால் பாதுகாப்பும் கிடைக்கும், தொழிலாளியின் பிழைப்பும் ஒரே நாளில் கேள்விக்குறி ஆகாது.