ஸல்லாமாவும் அல்-கஸ்ஸும்: திரையில் ஒரு பாடகி, ஏட்டில் ஓர் அறிவிப்பாளர்

ஹதீஸ் பாடத்தில் கஸ்ருத் தொழுகையின் பகுதியை நடத்தும்போது ஒரு பெயரை ஒரே மூச்சில் கடந்து செல்கிறோம். ஸஹீஹ் முஸ்லிமில் யஃலா இப்னு உமய்யா (ரலி) அவர்களின் அறிவிப்புத் தொடரில் வரும் இப்னு அபீ அம்மார்தான் அவர். கழுதைப்புலி வேட்டைப் பிராணியா என்று ஜாபிர் (ரலி) அவர்களிடம் கேட்டு விடை பெற்றவரும் இவரே. அதனை உண்ணலாம் என்னும் ஷாஃபிஈ மத்ஹபின் தீர்ப்புக்கு அந்த அறிவிப்பே முக்கிய ஆதாரம். மக்காவைச் சேர்ந்த இந்த அப்துர் ரஹ்மானை, வணக்கத்தின் மிகுதியால் கிறித்தவத் துறவிகளோடு ஒப்பிட்டு, ‘அல்-கஸ்’ என்று மக்கள் அழைத்தனர். 1945இல் எகிப்தில் வெளிவந்த ஓர் இசைத் திரைப்படத்தின் கதைத்தலைவர் இவர்தாம் என்றால் நம் மாணவர்கள் வியப்படைவர்.

தோகோ மிஸ்ராஹி இயக்கிய ‘ஸல்லாமா’ என்பது அப்படம். உம்மு குல்தூம் ஸல்லாமாவாகவும், யஹ்யா ஷாஹீன் அல்-கஸ்ஸாகவும் நடித்தனர். மூலக்கதை அலீ அஹ்மத் பாகஸீரின் நாவல். ஹள்ரமவ்த் வம்சத்தில் சுரபாயாவில் பிறந்து கெய்ரோவில் எழுத்தாளராய் விளங்கிய பாகஸீருக்கு இக்கதை கிடைத்த ஊற்று அபுல் ஃபரஜ் அல்-இஸ்ஃபஹானியின் ‘கிதாபுல் அகானீ’ போன்ற பழைய ஏடுகளே. கதை இதுதான்: வீதியில் சென்ற வணக்கசாலி ஒருவர் அடிமைப் பாடகியின் குரல் கேட்டு நின்றார். வீட்டுக்காரர் உள்ளே அழைத்தார். மறுத்தவர் பின்னர் இசைந்தார். ஒருநாள் தனிமையில் அவள் தன் காதலைச் சொன்னாள். தமக்கும் அவள்மீது அன்பு உண்டென அவர் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். ஆனால் இவ்வுலக நண்பர்கள் மறுமையில் பகைவராவதைக் கூறும் ஸூரத்துஸ் ஸுக்ருஃபின் வசனத்தை நினைவூட்டி, நம் நட்பும் அவ்வாறு ஆவதை வெறுக்கிறேன் என்று சொல்லி வெளியேறினார். ஸல்லாமா பின்னர் உமய்யா கலீஃபா இரண்டாம் யஸீதிடம் (ஆட்சி: ஹிஜ்ரி 101–105) விற்கப்பட்டாள்.

‘விற்கப்பட்டாள்’ என்ற சொல்லை நாம் எளிதாகக் கடந்துவிடக் கூடாது. உம்மு குல்தூம் நடித்த படங்கள் ஆறே. அவற்றுள் மூன்றில் அவர் ஏற்றது அடிமைப் பாடகி வேடம். ஸ்டுடியோ மிஸ்ரின் முதல் படமான ‘விதாத்’ (1936) மம்லூக்குகள் காலத்துக் கதை. ‘தனானீர்’ (1940) ஹாரூன் ரஷீதின் பக்தாதைக் காட்டுவது. வரலாற்றில் தனானீர் யஹ்யா அல்-பர்மகீயின் வீட்டைச் சேர்ந்தவள். படமோ அவளை அவருடைய மகன் ஜஅஃபரோடு இணைக்கிறது. கி.பி. 803இல் பர்மகீகள் வீழ்ந்தபின், இனிப் பாடேன் என்று கலீஃபாவின் முன் மறுத்து அவள் அடிபட்டதாக ‘அகானீ’ கூறுகிறது. பட்டும் விளக்கும் நிறைந்த அரண்மனைக் காட்சிகளில் இந்த அடியின் ஓசை எவ்வளவு கேட்கும்?

அந்த இசையுலகின் இயக்கத்தை உள்ளிருந்து எழுதிக் காட்டியவர் ஜாஹிழ். பாடும் அடிமைப் பெண்களைப் பற்றிய தம் சிற்றேட்டில், தேர்ந்த பாடகி ஒருத்தி நாலாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களை மனனம் செய்திருப்பாள் என்றும், அவற்றில் இறைவனின் பெயர் தவறிப்போய் வந்தாலன்றி வராது என்றும் அவர் குறிப்பிடுகிறார். குரலைப் பயிற்றுவது விலையை உயர்த்துவதற்கே. ஆசானுக்கும் தரகனுக்கும் இடையே இருந்த கோடு மெல்லியது.

அவ்வேடங்களைத் தாங்கியவரின் குரலோ வேறிடத்தில் விளைந்தது. நைல் கழிமுகத்துச் சிற்றூர் ஒன்றில் பள்ளிவாசல் இமாமின் மகளாய்ப் பிறந்த உம்மு குல்தூம், குர்ஆன் மக்தபில் ஓதக் கற்றவர். தந்தையின் குழுவோடு திருமண வீடுகளிலும் மவ்லிது மஜ்லிஸ்களிலும் நபிபுகழ் பாடல்களைப் பாடியவர். பெண்பிள்ளை ஊரார் முன் பாடுவதற்குக் கூசிய தந்தை அவருக்கு ஆண்பிள்ளை உடை அணிவித்தே அழைத்துச் சென்றார். 1920களில் கெய்ரோவுக்குக் குடிபெயர்ந்த பின்னும் அவருக்குப் பழங்கவிதையைப் பாடக் கற்பித்தவர் ஷைகு அபுல் அலா முஹம்மத். ‘ஸல்லாமா’வுக்கு இசையமைத்தவருள் முதன்மையானவரான ஸகரிய்யா அஹ்மதும் அஸ்ஹரில் பயின்று காரியாகப் பயிற்சி பெற்றவரே. இத்தகையோரை ‘ஷைகுமாரிடம் வளர்ந்தவர்’ என்று எகிப்தியர் சிறப்பித்துச் சொல்வர். மக்ரஜ் பிசகாத உச்சரிப்பு, வசனத்தின் பொருளறிந்து நிறுத்தும் வக்ஃபு, மூச்சின் அடக்கம் ஆகிய மூன்றும் தஜ்வீதின் கொடை. யாரும் விலை பேசாத குரல் அது. தம் ஒப்பந்தங்களைத் தாமே பேசி முடித்தவரும், 1940களில் இசைக் கலைஞர் சங்கத்தின் தலைவியாக விளங்கியவரும் அவரே.

இசை பற்றிய ஃபிக்ஹின் தீர்ப்பு வேறு பாடம்; அதனை இங்கு நாம் எடுக்கவில்லை. ஆயினும் ‘ஸல்லாமா’வில் ஓரிடம் நம்மை நிறுத்துகிறது. நாயகி அங்கே ஸூரா இப்ராஹீமின் வசனங்களை ஓதுகிறார். அரண்மனைப் பாடகியின் வேடத்துக்குள்ளிருந்து மக்தபுச் சிறுமி வெளிப்படும் கணம் அது. படத்தின் ஒப்பனை அனைத்தையும்விட அந்த ஓதலே அவரை உருவாக்கிய உலகத்தை நமக்குச் சரியாகச் சொல்கிறது.

அல்-கஸ்ஸுக்கு அத்தகைய நீதி கிடைக்கவில்லை. அவருடைய ஏக்கத்தைப் படம் விரிவாகக் காட்டுகிறது; அவர் கற்ற கல்வியும் ஜாபிர் (ரலி) அவர்களிடம் கேட்ட கேள்வியும் திரைக்கு வரவில்லை. நம்முடைய தர்ஸிலோ நிலைமை தலைகீழ். அவர் நம்பத்தகுந்தவர் என்ற குறிப்பை வாசிக்கிறோம். அந்தக் குரலைக் கேட்டு வீதியில் நின்றதையும், வசனத்தைச் சொல்லி எழுந்து போனதையும் சொல்வதில்லை. சென்ற ஆண்டு இப்பாடம் வந்தபோது அந்தப் பெயரில் சற்று நிறுத்தி, இச்சம்பவத்தைச் சொன்னோம். வகுப்பு சிறிது நேரம் அமைதியாயிருந்தது. பின்னர் ஒரு மாணவர், “ஹஜ்ரத், அவர் பிறகு அந்த வீதி வழியே சென்றாரா?” என்று கேட்டார்.