எல்லை அறியா நோய்

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது, விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை வட்டமும் அதிலுள்ள பாறசாலையும் கேரளத்தில் நின்றன. அக்கோடு நிலத்தைப் பிரித்ததேயன்றி உறவைப் பிரிக்கவில்லை. களியக்காவிளைக் கடையொன்றில் படிவம் அச்சிடச் செருகிய பென் டிரைவ், அன்று மாலையே பாறசாலை வீட்டுக் கணிப்பொறியில் நுழைகிறது. அதனோடு கணிப்பொறி நோயும் நுழைவதுண்டு. வண்டியை நிறுத்தும் சாவடி அந்நோயை நிறுத்துவதில்லை.

வைரஸ் எனப்படும் இந்நோய் உயிருள்ள கிருமி அன்று. தன்னைத்தானே படியெடுத்துப் பரவும் கட்டளைத் தொகுதியே ஆகும். 1986-இல் லாகூரைச் சேர்ந்த பாசித், அம்ஜத் பரூக் ஆல்வி என்னும் உடன்பிறப்பினர் ‘பிரெயின்’ என்பதை ஆக்கினர். தாம் எழுதிய மருத்துவ மென்பொருளைப் பிறர் களவாகப் படியெடுப்பதைக் கண்டறிவதே அவர்தம் நோக்கம். தம் முகவரியையும் அதனுள் பொறித்திருந்தனர். அதுவோ நெகிழ்தட்டின் தொடக்கப் பகுதியில் அமர்ந்து, அவ்விடத்தை ஆராய்வோருக்குப் பழைய நல்ல பகுதியையே எடுத்துக்காட்டி ஏமாற்றியது. விடாத நோய்களின் சூழ்ச்சியை அன்றே காண்கிறோம்.

2008 நவம்பரில் தோன்றிய ‘கான்பிக்கர்’ இன்னும் ஒரு படி சென்றது. பின்வந்த அதன் வடிவங்கள் பென் டிரைவ் வழியாகவும் பரவின. மருந்து தரும் இணையத் தளங்களை அடைத்தன. விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வழியையும் முடக்கின. நோயுற்ற பொறியைக் கொண்டே நோயை நீக்க முயல்வோர் ஏன் தோற்கின்றனர் என்பது இதனால் விளங்கும். காவற்காரனே கள்வனுக்கு உடந்தையானால் வீட்டைச் சோதித்துப் பயன் என்ன?

ஆதலின் முதலில் இணையத் தொடர்பைத் துண்டித்தல் வேண்டும். பின்னர், நோயற்ற வேறொரு கணிப்பொறியில் ஆயத்தம் செய்த தூய வட்டிலிருந்து பொறியை இயக்குதல் வேண்டும். பள்ளியில் லினக்ஸ் பயின்ற பிள்ளைகள் இதனை எளிதிற் செய்வர். அப்பொழுது வைரஸ் விழிப்பதில்லை. வேண்டிய கோப்புகளைத் தனியே எடுத்துச் சோதித்து, வன்தட்டைத் துடைத்து, மென்பொருளைப் புதிதாக நிறுவலாம். அதன்பின் கடவுச்சொற்களை மாற்றுதலும், வீட்டிலுள்ள பென் டிரைவ் அனைத்தையும் சோதித்தலும் இன்றியமையாதவை. ஒன்றை மறந்தாலும் நோய் திரும்பும். இலவசத் துப்புரவுக் கருவிகளை வழங்க, 2017 பிப்ரவரியில் இந்திய அரசு சைபர் ஸ்வச்சதா கேந்திரத்தைத் தொடங்கியது.

அதே ஆண்டு மே 12-ஆம் நாள் ‘வான்னாகிரை’ உலகெங்கும் பாய்ந்தது. கோப்புகளைப் பூட்டி, முந்நூறு டாலர் மீட்புப் பணம் கேட்டது. அடுத்த சில நாட்களில் கேரளத்தின் வயநாட்டிலும் பத்தனம்திட்டையிலும் ஊராட்சி அலுவலகக் கணிப்பொறிகள் சில அதற்கு இரையாயின. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது! மருந்து இருந்தது, உண்பார் இல்லை.

ஒரு வீட்டுப் பொறியில் இன்று இருப்பவை யாவை? மகளின் சான்றிதழ், நிலப் பத்திரத்தின் படி, மறைந்த தாயின் நிழற்படம். துப்புரவு முடிந்தாலும் அழிந்தவை மீளா. அவற்றின் படியொன்றைப் பொறியினின்று பிரித்துத் தனியே வைத்திருப்போமாயின், எந்நோய்க்கும் நாம் அஞ்ச வேண்டுவதில்லை.