நர்சிங் படிச்சா உடனே அரசு வேலையா? சேலம், நாமக்கல் மாணவிகள் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துட்டா சேலம், ராசிபுரம், குமாரபாளையம் பக்கம் எங்கே திரும்பினாலும் நர்சிங் அட்மிஷன் போஸ்டர்தான். ஆனால் போஸ்டரில் இருக்கும் எல்லா 'நர்சிங்'கும் ஒரே படிப்பு இல்லை.

எதைப் படித்தால் செவிலியர்?

பி.எஸ்சி நர்சிங் 4 ஆண்டு, ஜி.என்.எம். டிப்ளமோ 3 ஆண்டு. இவற்றை அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் முடித்தால்தான் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலில் செவிலியராகப் பதிவு செய்ய முடியும். பி.எஸ்சி அரசு ஒதுக்கீட்டுக்கு ப்ளஸ் டூ மார்க்தான் கணக்கு, நீட் வேண்டாம். ஜி.என்.எம். முடித்தவர்கள் இன்னும் 2 ஆண்டு படித்து பி.எஸ்சி பட்டம் வாங்கலாம்.

ஆறு மாதம், ஒரு வருட சான்றிதழ் படிப்பு உதவியாளர் வேலைக்கு மட்டும்தான். அதை வைத்து கவுன்சிலில் செவிலியராகப் பதிய முடியாது. பணம் கட்டும் முன்பே இதைக் கேட்டுடுங்க.

அரசு வேலை எப்படி?

சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி என வேலை பார்க்கும் இடங்கள் பெருகியிருக்கின்றன. ஆனால் சிக்கலே இங்கேதான். 2015 முதல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்.ஆர்.பி.) தேர்வு எழுதி உள்ளே போனவர்களுக்கு ஆரம்பத்தில் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம்தான். 2 ஆண்டில் பணி நிரந்தரம் என்று நம்பிப் போனவர்களில் பலர் பல வருடம் காத்திருந்தார்கள்.

2020-ல் கொரோனா பணிக்கு 14,000 ரூபாய் சம்பளத்தில் எடுக்கப்பட்ட 2 ஆயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-ல் முடிக்கப்பட்டது. அடுத்த நாளே போராட்டம் வெடித்தது; சேலமும் அதன் முக்கியக் களம். மாவட்ட நலவாழ்வு சங்கங்கள் மூலம் 18,000 ரூபாயில் மாற்று வேலை தருவதாக அரசு சொன்னது. அதுவும் தற்காலிகம்தான்.

எனவே அறிவிப்பு வந்தால் 'காலமுறை ஊதியம்' என்று இருக்கிறதா, 'தொகுப்பூதியம்' என்று இருக்கிறதா என்பதை முதலில் பாருங்க.

வெளிநாடு?

பிரிட்டனுக்கு ஆங்கிலத் தேர்வு, ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழித் தேர்வு கட்டாயம். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் செவிலியர்களை அனுப்புகிறது. தனியார் ஏஜென்சி என்றால் மத்திய அரசின் உரிமம் இருக்கணும். விதிப்படி அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், கூடவே ஜி.எஸ்.டி. லட்சக்கணக்கில் கேட்டால் புகார் கொடுக்கலாம்.