சாவி கொடுத்தும் ஓடாத ஜனதா

நின்னு போன பழைய வாட்ச்சைக் கொண்டு போய்க் காட்டினால், பார்க்கிறவங்க பாதிப்பேர் சொல்ற காரணம் ஒண்ணுதான்: "சாவி ஓவராக் கொடுத்துட்டீங்க." அப்படி ஒரு வியாதியே கிடையாது மக்களே. சாவி முழுசாக் கொடுத்தும் ஓடலைன்னா, ஸ்பிரிங்கில் சக்தி இருக்கு, அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகலைன்னு அர்த்தம். எங்கே மாட்டிக்கிச்சுன்னு தேடிப் போனால், வழியெல்லாம் ஐந்நூறு வருஷ வரலாறு கிடக்கிறது.

என்னிடம் இருந்தது அப்பாவின் எச்.எம்.டி. ஜனதா. முதல் சம்பளத்தில் வாங்கியது, இருபது வருஷத்துக்கும் மேலாக பீரோவில் தூங்கியது. நானோ பொட்டி தட்டுகிறவன், வாட்ச் விஷயத்தில் எல்.கே.ஜி. ஆனா பிழை தேடுறது நம்ம தொழிலாச்சே :)

கொஞ்சம் பயமும் இருந்தது. ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து 1961இல் பெங்களூரில் எச்.எம்.டி. வாட்ச் தொழிற்சாலை தொடங்கியது. முதல் வாட்ச்சுகளை வெளியிட்டவர் நேரு. அந்த வாட்ச் கம்பெனியை மூட 2016இல் மத்திய அரசு முடிவு செய்துவிட்டது. ஒரு பாகம் உடைந்தால், செத்துப்போன இன்னொரு ஜனதாவிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். வரிசை இதுதான்.

முதலில் மெயின் ஸ்பிரிங். எடைக்கல் தொங்கவிட்டு ஓடிய கடிகாரத்தைச் சுருள் ஸ்பிரிங் தூக்கிக்கொண்டு நடக்கிற சாமானாக்கியது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் நூரம்பர்க்கில் இப்படிச் செய்தவர்களில் பீட்டர் ஹென்லைன் பேர்போனவர். ஸ்பிரிங்கிலிருந்து பல்சக்கரங்கள் வழியாகச் சக்தி போகிறது.

மறுகோடியில் பேலன்ஸ் சக்கரம். அதில் சுருள் ஹேர்ஸ்பிரிங்கைப் பொருத்தி, ஊசலாட்டத்தை ஒரு ஒழுங்குக்குக் கொண்டு வந்தவர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ், வருஷம் 1675. நிமிட முள் பரவலாக வந்ததே அதுக்கப்புறம்தான். அதுவரை இருந்த துல்லியத்துக்கு மணி முள்ளே அதிகம்!

இந்த ரெண்டுக்கும் நடுவில் நிற்கிற புரோக்கர் பேலட் ஃபோர்க். 1750களில் இங்கிலாந்தின் தாமஸ் மட்ஜ் உருவாக்கிய லீவர் அமைப்பு. பேலன்ஸ் ஒரு தடவை ஆடினால் ஒரே ஒரு பல்லை விடும், பதிலுக்கு பேலன்ஸுக்கு ஒரு தள்ளு கொடுக்கும். நாம கேட்கிற டிக் டிக் இதோட சத்தம்தான். ஜனதாவில் விநாடிக்கு 5, ஒரு நாளைக்கு 4,32,000.

கோடில் பிழை தேடும்போது நடுவில் நிறுத்தி, 'மேல் பாதியிலா, கீழ் பாதியிலா'ன்னு பார்ப்போமில்லையா? வாட்ச்சில் அந்த நடு இடம் இந்த ஃபோர்க்தான். முதலில் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை முழுசா இறக்கணும். இறக்காமல் ஃபோர்க்கைக் கழட்டினால் சக்கரமெல்லாம் தறிகெட்டுச் சுத்தி, பல்லே போகலாம். ஃபோர்க் இல்லாமல் பேலன்ஸை மட்டும் மாட்டி லேசாக ஊதினேன், ஜோரா ஆடியது. கீழ் பாதி பாஸ்! அப்புறம் பேலன்ஸையும் எடுத்துவிட்டு, சாவியை ரெண்டு பல் மட்டும் திருப்பினேன். சர்ருன்னு சுத்த வேண்டிய சக்கரங்கள் ஆமை மாதிரி நகர்ந்தன. மேல் பாதி ஃபெயில்.

எங்க தெருமுனையில் வாட்ச் ரிப்பேர் பார்க்கும் பெரியவரிடம் சொன்னேன். "தம்பி, எது உடைஞ்சிருக்குன்னு தேடாத. எங்க அழுக்குன்னு தேடு" என்றார்.

அழுக்கு இருந்தது கல்லில். ஜனதாவில் 17 கற்கள். அலங்காரத்துக்கு இல்லை, சக்கர அச்சு தேயாமல் சுழலவும், துளி எண்ணெயைப் பிடித்து வைக்கவும். மாணிக்கத்தில் துளை போட்டு வாட்ச்சில் வைக்கும் முறைக்கு 1704இல் லண்டனில் காப்புரிமை வாங்கியவர்களில் நியூட்டனின் நண்பர் ஃபாஸியோவும் ஒருவர். அன்றைக்கு அது பணக்காரர் சமாச்சாரம். 1902இல் வெர்னாய் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை வெளியிட்டார். கல் மலிந்தது. ஜனதான்னு பேர் வைத்த வாட்ச்சில் 17 மாணிக்கம் இருப்பது அதனால்தான்.

அந்த எண்ணெய்தான் வருஷக்கணக்கில் காய்ந்து பிசினாகியிருந்தது. கூராச் சீவின குச்சியால் ஒவ்வொரு துளையாகச் சுத்தம் செய்து, ஊசிமுனை அளவு புது எண்ணெய் வைக்க மூணு ஞாயிற்றுக்கிழமை ஆச்சு. கை நடுங்கின இடம் பேலன்ஸின் கல். அதைப் பிடித்திருப்பது பொடி ஸ்பிரிங், பறந்தால் போச்சு. ஆனா அதே ஸ்பிரிங்தான் வாட்ச் கீழே விழுந்தாலும் தலைமுடி தடிமன் உள்ள அச்சைக் காப்பாத்துது. டயலில் 'பாரா ஷாக்'னு போட்டிருப்பது இதைத்தான். 1956இல் சிட்டிசன் கொண்டு வந்தது. ஹெலிகாப்டரிலிருந்து வாட்ச்சைப் போட்டே விளம்பரம் செய்தார்கள்!

இப்போ அப்பாவின் ஜனதா நாளுக்கு 40 விநாடி முந்துகிறது. 86,400இல் 40, அதாவது 0.05 சதவீதத்துக்கும் கம்மி. "பரவால்லடா, பஸ்ஸுக்கு முன்னாடியே போயிடலாம்" என்கிறார்.

1969 டிசம்பரில் செய்கோ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டு வந்தது. 1984இல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கின. ஓசூரிலிருந்து வந்த குவார்ட்ஸ் வாட்ச்சுகள் சந்தையைப் பிடித்தன. துல்லியத்தில் குவார்ட்ஸ்தான் கெட்டி, வாதமே இல்லை. ஆனால் அது நின்றால் பாட்டரியை மாற்றுகிறோம், இல்லாட்டி உள்ளே இருப்பதை மொத்தமாக மாற்றுகிறோம். சாவி கொடுக்கும் வாட்ச் ஒவ்வொரு படியிலும் நின்று கேட்டால் பதில் சொல்கிறது, நேற்று கற்றுக்கொண்டவனுக்கும் கூட.

உங்க வீட்டு பீரோவில் ஒண்ணு கிடந்தால் தூக்கிப் போட்டுடாதீங்க. அநேகமா உடைஞ்சிருக்காது, பிசுக்காகத்தான் இருக்கும்.